84 கிலோ மார்சியானோ இன்னிக்கு ஹெவிவெயிட்டே இல்லையாம்!

பழைய கையுறை:
பக்கத்துத் திரியில நம்ம கிலோகணக்கு தம்பி நேத்து ஒரு முத்து உதிர்த்திருக்கார். அப்படியே எடுத்துப் போடறேன்: "ராக்கி மார்சியானோ வெறும் 84 கிலோ. அந்த உடம்போட இன்னிக்கு வந்தா ஹெவிவெயிட் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அந்தக் காலம் முட்டையும் ஓட்டமும், இந்தக் காலம் விஞ்ஞானம்."

படிச்சதும் டீயை வச்சுட்டு எழுந்து நடந்துட்டு வந்தேன். 49 குத்துச்சண்டை, 49 வெற்றி, அதுல 43 நாக் அவுட். ஹெவிவெயிட் பட்டத்தோட ஓய்வு வாங்கின மனுஷன். அவரை வாசல்ல நிறுத்தப்போறது யாரு? நீங்களா?

எடைதான் எல்லாம்னா 1919-ஐப் பாருங்க. டெம்ப்சி 187 பவுண்ட், எதிர்ல ஹெவிவெயிட் சாம்பியன் ஜெஸ் வில்லார்ட் 245. கிட்டத்தட்ட 26 கிலோ கூட, ஆறரை அடி உயரம். முதல் ரவுண்டுலயே வில்லார்ட் ஏழு தடவை கீழ விழுந்தார். மூணு ரவுண்டுக்கு மேல ஸ்டூலை விட்டு எழுந்திருக்கல. அன்னிக்கு தராசு எங்க போச்சு?

11 வருஷம் ரிங்ல ஏறினவன் சொல்றேன். உடம்பு வேற, சண்டை உடம்பு வேற.

கிலோகணக்கு:
வணக்கம் சார். என் பேரைத் தலைப்புல போடாம விட்டதுக்கு நன்றி.

84 என்பது நான் தோராயமாகச் சொன்னது. துல்லியமாக வேண்டுமென்றால் 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் பட்டம் வாங்கிய அன்று மார்சியானோ 184 பவுண்ட். அதாவது 83.5 கிலோ. இன்றைக்கு ஹெவிவெயிட்டுக்குக் கீழ்ப் பிரிவான க்ரூசர்வெயிட்டின் மேல்வரம்பு 200 பவுண்ட். அவர் அதிலேயே 16 பவுண்ட் குறைவு. இது அவமானம் இல்லை, எண்.

ஒரே உயரத்து ஆளை ஒப்பிடுங்கள். டைசனும் 5 அடி 10 அங்குலம். 1986-ல் சாம்பியன் பெர்பிக்கை வீழ்த்தும்போது வயது 20, எடை 221 பவுண்ட், அதாவது 100 கிலோ. எலும்புக்கூடு அதே அளவு, மேலே 16 கிலோ அதிகம். அந்த 16 கிலோ எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. முட்டையிலிருந்து வரவில்லை.

மூணாவது ரவுண்டு:
ஆரம்பிச்சாச்சா. போன தடவை இதே ரெண்டு பேர் ஆறு பக்கம் ஓட்டினது இன்னும் செரிக்கல.

பழைய கையுறை:
பார்த்தீங்களா, 84 போய் 83.5 ஆயிடுச்சு. நாளைக்கு 80 ஆகும், அடுத்த வாரம் மார்சியானோ லைட்வெயிட்.

தம்பி, ஆர்ச்சி மூரோட மோதின கடைசிச் சண்டையில அவர் 188-க்குக் கொஞ்சம் மேல. அது 85 கிலோவைத் தாண்டும். உங்களுக்கு வசதியான சண்டையை மட்டும் பொறுக்கி எடுக்காதீங்க.

பயிற்சியைப் பத்தி "முட்டையும் ஓட்டமும்"னு நக்கல் வேற. பயிற்சியாளர் சார்லி கோல்ட்மேன்கிட்ட மார்சியானோ பட்ட பாடு உங்களுக்கு எங்க தெரியும்? விடியறதுக்கு முன்னாடி மைல் கணக்குல ஓட்டம், மலையேத்தம், நீச்சல்குளத்துல கழுத்தளவு தண்ணியில நின்னு பஞ்ச் விட்டுப் பழகினது. அந்தத் தண்ணி எதிர்ப்பு, இன்னிக்கு ரப்பர் பேண்டைக் கட்டிக்கிட்டு செய்யறீங்களே, அதேதான். பேரை மாத்தினா விஞ்ஞானம் ஆயிடுமா? 15 ரவுண்டு ஓடற வண்டியைக் கட்டினாங்க ஐயா அவங்க. இப்போ 12 ரவுண்டுக்கு ஆறாவதுலயே வாயைத் திறந்துக்கிட்டு கட்டிப் பிடிக்கிறாங்க.

சும்மா பாக்குறவன்:
ஒரு சந்தேகம். நாம பேசறது உடம்பு மாறினதைப் பத்தியா, பயிற்சி மாறினதைப் பத்தியா, இல்ல யாரு யாரை அடிப்பாங்கன்னா? மூணும் வேற வேற இல்லையா? முதல்ல அதை முடிவு பண்ணிட்டா...

கிலோகணக்கு:
சார் சொல்லும் 85-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். க்ரூசர் வரம்பு 90.7. என்ன மாறிவிட்டது?

பயிற்சிக்கு வருகிறேன். பழைய ஜிம்களில் எடை தூக்கினால் தசை இறுகிக் கை மந்தமாகிவிடும் என்று ஒரு பயம். பயிற்சியாளர்கள் பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வைத்தது. அதை உடைத்தது யார்? 1985, மைக்கேல் ஸ்பிங்க்ஸ். க்ரூசருக்கும் கீழே, 175 பவுண்ட் லைட் ஹெவி பிரிவின் சாம்பியன். மேக்கி ஷில்ஸ்டோன் என்ற உடற்பயிற்சி நிபுணரிடம் போனார். நீண்ட மந்த ஓட்டத்தைக் குறைத்து வேக ஓட்டங்களை இடைவெளி விட்டு ஓட வைத்தார், எடை தூக்க வைத்தார், சாப்பாட்டை அளந்து கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பிங்க்ஸ் 200 பவுண்டில் ஏறி ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸைத் தோற்கடித்தார்.

அன்று ஹோம்ஸ் 48-0. ஜெயித்திருந்தால் மார்சியானோவின் 49-ஐத் தொட்டிருப்பார். ஆக, நீங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் அந்த 49-0 ரெக்கார்டைக் காப்பாற்றியதே எடைப் பயிற்சிதான். நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

மூணாவது ரவுண்டு:
பெரியவருக்கு நல்ல லிவர் ஷாட். எட்டு வரைக்கும் எண்ணியாச்சு.

பழைய கையுறை:
யாரும் எண்ண வேண்டாம், நான் நின்னுட்டுதான் இருக்கேன்.

ஸ்பிங்க்ஸ் கதையை ஏன் பாதியில நிறுத்திட்டீங்க? 1988 ஜூன். அதே விஞ்ஞான உடம்பு, அப்போ 212 பவுண்ட். டைசன் எதிர்ல 91 வினாடி. ரவுண்டு இல்ல தம்பி, வினாடி. ஷில்ஸ்டோன் சாப்பாட்டை அளந்தார், டைசன் ஆளை அளந்துட்டார்.

இன்னொண்ணும் கேளுங்க. 2003-ல ராய் ஜோன்ஸ் இதே மாதிரி உடம்பை ஏத்தி 193-ல ஜான் ரூயிஸை ஜெயிச்சார். அபாரம், நானும் கைதட்டினேன். அப்புறம் அந்தச் சதையை உருக்கி 175-க்கு இறங்கினார். அடுத்த வருஷம் மே மாசம், ரெண்டாவது ரவுண்டுல டார்வர் ஒரே இடது கையில படுக்க வச்சுட்டார். அதுக்கப்புறம் பழைய ராய் ஜோன்ஸ் திரும்பி வரவே இல்ல. உடம்பு என்ன ரப்பரா, இழுத்து இழுத்து விடறதுக்கு?

மார்சியானோ 85 கிலோவுல இருந்தார்னா அது அவர் உடம்பு. யாரும் ஏத்தல, யாரும் இறக்கல.

ஒற்றுப்பிழை:
பொதுவாக ஒரு வேண்டுகோள். இந்தத் தளத்தில் பாதிப் பேர் "குத்துசண்டை" என்று எழுதுகிறீர்கள். "குத்துச்சண்டை". ச் மிகும். சண்டை போடுங்கள், ஒற்றோடு போடுங்கள்.

வெள்ளைத்துண்டு:
எல்லாரும் நாகரிகமா பேசறீங்க, நான் நேரா சொல்றேன். அந்த 16 கிலோ முட்டையிலிருந்தும் வரல, இடைவெளி ஓட்டத்திலிருந்தும் வரல. ஊசி. ஜேம்ஸ் டோனி 2005-ல அதே ஜான் ரூயிஸை ஜெயிச்சுட்டு நான்ட்ரோலோன் ஊக்கமருந்துல மாட்டி பட்டம் பறிபோச்சு. 2019-ல ஜோஷ்வாவோட மோத வேண்டிய ஜாரெல் மில்லர் ஒண்ணுக்கு மேல சோதனையில மாட்டினார். இதுதான் உங்க விஞ்ஞானம்.

கிலோகணக்கு:
மாட்டியவர்களை மட்டும் சொல்லுங்கள். மாட்டாதவர்கள் மேல் சேற்றை வாரி இறைப்பது வாதம் ஆகாது. சோதனையே இல்லாத காலத்தைச் சுத்தம் என்று நம்புவது அதைவிட வேடிக்கை.

பழைய கையுறை:
வெள்ளைத்துண்டு சொன்ன ஜாரெல் மில்லர் கதைதான் எனக்கு வேணும், நல்லவேளை ஞாபகப்படுத்தினார்.

மில்லர் போனதும் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட்டாங்க? ஆண்டி ரூயிஸ். 2019 ஜூன் 1, 268 பவுண்ட், தொப்பை குலுங்கக் குலுங்க வந்தார். எதிர்ல ஜோஷ்வா, சிற்பம் செதுக்கின மாதிரி உடம்பு, 247. நாலு தடவை விழுந்தார் சிற்பம். ஏழாவது ரவுண்டுல முடிஞ்சது.

எங்க சார் போச்சு வயித்துல ஆறு கட்டு? பஞ்ச் வர்றது பாதத்துலேர்ந்து. தரையை உதைச்சு, இடுப்பைத் திருப்பி, தோள் வழியா கைக்கு வரணும். கண்ணாடியில தெரியற தசைக்கும் அதுக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். ரூயிஸோட கை வேகத்தைப் பாருங்க. அந்தக் கை எந்த மெஷின்லயும் வளர்ந்தது இல்ல, ஸ்பாரிங்ல வளர்ந்தது.

மூணாவது ரவுண்டு:
ரீமேட்ச்ல அதே ரூயிஸ் 283-ல வந்து 12 ரவுண்டும் துரத்தித் துரத்தி மூச்சு வாங்கினதை மட்டும் மறந்துட்டீங்களே அண்ணே. ஜோஷ்வா பத்துப் பவுண்ட் குறைச்சுட்டு வந்து நடந்துக்கிட்டே ஜெயிச்சார்.

பழைய கையுறை:
பத்துப் பவுண்ட் *குறைச்சுட்டு*! நீங்களே சொல்லிட்டீங்க. எனக்கு வக்கீலே வேண்டாம் போல.

கிலோகணக்கு:
குறைத்த பிறகும் 237. அதாவது 107 கிலோ. மார்சியானோவைவிட 24 கிலோ அதிகம். 84-ஐ நீங்கள் தாண்டவே மாட்டேன் என்கிறீர்கள்.

பழைய கையுறை:
84-ஐ ஆரம்பிச்சது யாரு தம்பி? நானா?

சும்மா பாக்குறவன்:
எனக்கு உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும். கீழ் எடைப் பிரிவுகள்ல உடம்பு மாறினதுக்கு எடை பார்க்கற நேரம்தானே காரணம்? முன்னாடி சண்டை அன்னிக்கே தராசு ஏறணும். 80-களுக்கு அப்புறம் முந்தின நாள்னு ஆச்சு. அதனால தண்ணியை வத்தவிட்டு இறங்கி, ராத்திரியில ஏத்திக்கிறாங்க. 2000-த்துல ஜோயி கமாஷோட மோதின ஆர்துரோ கட்டிங்கற வீரர் தராசுல 141 பவுண்ட், மறுநாள் ரிங்ல 160. கமாஷ் அதுக்கப்புறம் சண்டையே போடல. இது பயிற்சி மாத்தின உடம்பு இல்ல, விதி மாத்தின உடம்பு. அப்படிப் பார்த்தா மார்சியானோவும் இன்னிக்கு இருந்தா வத்தி வத்தி 175-க்கே இறங்கிடலாமே?

பழைய கையுறை:
என்னது, மார்சியானோ 175-ஆ? ஒரு பக்கம் இவர் க்ரூசருக்கு இறக்கினார், நீங்க இன்னும் ஒரு படி கீழ. ஆளாளுக்கு அவரைச் சுருக்கறதே வேலையா?

சும்மா பாக்குறவன்:
ஐயா, நான் உங்க பக்கம்தான் பேசினேன்.

கிலோகணக்கு:
அவர் சொன்னது சரியான கருத்து. வேறு திரியில் விரிவாகப் பேசலாம். இங்கே முதலில் 83.5 முடியட்டும்.

வெள்ளைத்துண்டு:
83.5 முடியாது. இந்தத் திரி பூட்டப்படும், அதுவும் முடியாது.

பழைய கையுறை:
சரி, பெரிய உடம்பு புதுசுன்னு ஒரு கட்டுக்கதை ஓடுதே, அதை முதல்ல உடைக்கிறேன். பெரிய ஆளுங்க எப்பவும் இருந்தாங்க. பிரிமோ கார்னேரா, 1933-ல சாம்பியன், 260 பவுண்டுக்கு மேல. மறு வருஷம் மேக்ஸ் பேர் 209-ல வந்து அவரை 11 தடவை தரையைப் பார்க்க வச்சார். 1935-ல ஜோ லூயிஸ் 196, கார்னேரா 260. ஆறாவது ரவுண்டு. 29 கிலோ வித்தியாசம்.

இன்னும் பின்னால போங்க. 1897. பாப் ஃபிட்ஸிமன்ஸ், 167 பவுண்ட். 76 கிலோ! கொல்லுப்பட்டறையில சம்மட்டி அடிச்ச தோள், கீழ குச்சிக் கால். கார்பெட்டை வயித்துக்கு மேல ஒரே அடி, 14-வது ரவுண்டு, ஹெவிவெயிட் பட்டம். எந்த ஜிம்ல சார் அந்தத் தோள் வந்தது?

இப்போ சமீபம். 2009. டேவிட் ஹே 217, வாலுயேவ் 316. ஏழடி ஆள். யாரு ஜெயிச்சா? ஹே.

அதுக்கும் சமீபம் வேணுமா? வேண்டாம்னு நினைக்கிறேன். தம்பிக்கு வலிக்கும்.

மூணாவது ரவுண்டு:
ஐயோ சொல்லுங்க அண்ணே, சொல்லுங்க.

பழைய கையுறை:
நீங்க கேட்டதால சொல்றேன். 2024 டிசம்பர் முதல் வாரம், இதே தளத்துல ஒருத்தர் எழுதினது: "281 பவுண்ட் பியூரி முன்னாடி உசிக் ஒரு பொட்டலம். இயற்பியலை யாரும் வெல்ல முடியாது. உசிக் ஜெயிச்சா என் கணக்கை மூடிடறேன்." 21-ஆம் தேதி உசிக் 226-ல வந்து ரெண்டாவது தடவையும் ஜெயிச்சார். 25 கிலோ கம்மி. கணக்கு இன்னும் திறந்துதான் இருக்கு.

கிலோகணக்கு:
முதல் வாரத்தில் பியூரி 281 என்று நான் எப்படி எழுதியிருக்க முடியும்? எடை பார்த்ததே சண்டைக்கு முந்தைய நாள். என் பதிவை நீங்கள் திருத்திச் சொல்கிறீர்கள். நான் எழுதியது "அதிக எடையோடு வந்தால்". ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது.

உசிக் உங்கள் உதாரணம் இல்லை, என் உதாரணம். க்ரூசரில் நான்கு பட்டமும் வாங்கிவிட்டு மேலே ஏறி வந்தவர். ஏறுவதற்கு உடம்பைத் திட்டமிட்டு வளர்த்தார். 2024 மே மாதம் பியூரியோடு நடந்த முதல் சண்டையில் 106 கிலோ. மார்சியானோ மாதிரி 84-லேயே நின்றிருந்தால் பியூரியின் ஜாப்பையே, அந்த முன்கை நேர்க்குத்தையே, தாண்டியிருக்க மாட்டார்.

பழைய கையுறை:
106-ஆ? ஹா ஹா ஹா. மாட்டினீங்க. மேடையில 233.5-னு தப்பா அறிவிச்சாங்க, அப்புறம் 223.5-னு திருத்தினாங்க. அதுவும் துணியோட ஏறி நின்னது. 101 கிலோ. கிலோகணக்குன்னு பேரு வச்சுக்கிட்டு அஞ்சு கிலோ கோட்டை விடறீங்க. இவர்தான் எனக்கு 83.5 சொல்லித் தர்றார்.

மூணாவது ரவுண்டு:
ஸ்டாண்டிங் கவுண்ட்!

கிலோகணக்கு:
தட்டச்சுப் பிழை.

பழைய கையுறை:
101-ஐ 106-னு அடிச்சது தட்டச்சுப் பிழையா? ஆறும் ஒண்ணும் விசைப்பலகையில ஒரு முழம் தள்ளி இருக்கு தம்பி.

ஒற்றுப்பிழை:
"தட்டச்சுப் பிழை" என்று ப் போட்டு எழுதியிருக்கிறார். அந்த வகையில் பாராட்டுகிறேன்.

கிலோகணக்கு:
101 என்றே வைத்துக்கொள்வோம். மார்சியானோவைவிட 17 கிலோ அதிகம். என் வாதம் அப்படியே நிற்கிறது.

ஹோலிஃபீல்டைப் பாருங்கள். 1984 ஒலிம்பிக்ஸில் லைட் ஹெவி, வெண்கலம். க்ரூசரில் பட்டம். பிறகு பாடிபில்டர் லீ ஹேனியோடு சேர்ந்து எடை தூக்கி, தனியாக உடற்திறன் பயிற்சியாளர் வைத்து, 1990-ல் 208-ல் ஏறினார். பஸ்டர் டக்ளஸ் 246, பயிற்சியே செய்யாத உடம்பு. மூன்றே ரவுண்டு. உடம்பை வளர்த்தவன் ஜெயித்தான், கொழுப்பு தோற்றது. இதுதான் மாற்றம். கனம் இல்லை, கட்டிய கனம்.

பழைய கையுறை:
அப்போ ஃபோர்மேன்? 1973-ல 217. திரும்பி வந்து 1994-ல 250, வயசு 45. சாம்பியன் மூரரை ஒரே ரைட் ஹேண்ட்ல படுக்க வச்சார், பத்தாவது ரவுண்டு. அது கட்டிய கனமா, சாப்பிட்ட கனமா?

நான் சொல்றது ஒண்ணுதான், முதல் பதிவுலேர்ந்து சொல்றேன். பழைய ஆளுங்க சண்டை போட்டே உடம்பைச் செஞ்சாங்க. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1937-ல மட்டும் 27 சண்டை. 27-ம் வெற்றி, 26 நாக் அவுட். மறு வருஷம் ஒரே சமயத்துல மூணு பிரிவுல பட்டம். ரே ராபின்சன் மொத்தம் கிட்டத்தட்ட 200 சண்டை. இன்னிக்கு சாம்பியன் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏறினா அதிசயம். நடுவுல இருக்கற ஆறு மாசத்துல என்ன பண்ணுவார்? எடைதான் தூக்கணும். வேற வேலை இல்லையே.

நான் ஏறின காலத்துல ஒரு பையன் வந்தான், கையெல்லாம் கட்டிக் கட்டியா. பார்த்தாலே பயமா இருக்கும். ரெண்டாவது ரவுண்டுல ஜாப்பைத் தூக்கவே முடியல. தோள் பூட்டிக்கிச்சு. அன்னிக்கு எங்க மாஸ்டர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. சொல்ல மாட்டேன், இங்க நாகரிகமா பேசணும்.

வெள்ளைத்துண்டு:
11 வருஷம் ஏறினேன் ஏறினேன்னு சொல்றீங்களே, எத்தனை சண்டை ஜெயிச்சீங்க?

பழைய கையுறை:
சம்பந்தமில்லாத கேள்வி.

வெள்ளைத்துண்டு:
49-ஆ?

பழைய கையுறை:
முகம் தெரியாம உட்கார்ந்துக்கிட்டு யாரும் எதையும் கேட்கலாம். நேர்ல ஒரு ரவுண்டு மிட்ஸ் பிடிங்க, அப்புறம் பேசலாம்.

சும்மா பாக்குறவன்:
கையுறை எடையும் மாறியிருக்கே. டெம்ப்சி காலத்துல இப்போ இருக்கறதுல பாதி. இன்னிக்கு ஹெவிவெயிட்டுக்கு 10 அவுன்ஸ். 12 ரவுண்டு 10 அவுன்ஸைத் தூக்கி நிக்கறதுக்குன்னே தோளுக்குத் தனிப் பயிற்சி வந்திருக்குமோ? யாராவது...

மூணாவது ரவுண்டு:
நல்ல கேள்வி தம்பி. பதில் வராது, பழகிக்கோங்க.

கிலோகணக்கு:
சார் ஆம்ஸ்ட்ராங்கைச் சொன்னார். ஆம்ஸ்ட்ராங் ஹெவிவெயிட் இல்லை. ராபின்சனும் இல்லை. நாம் பேசுவது ஹெவிவெயிட். அங்கே லெனாக்ஸ் லூயிஸ், க்ளிச்கோ சகோதரர்கள் வந்த பிறகு கதவே உயரமாகிவிட்டது. ஆறரை அடி ஆள், 110 கிலோ, அதே நேரத்தில் ஜாப் போட்டுப் பின்வாங்கவும் தெரிந்தவன். கார்னேராவுக்கும் வில்லார்டுக்கும் அது தெரியாது. பெரிய ஆள் புதிது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற பெரிய ஆள்தான் புதிது. 68 அங்குலக் கை நீளத்தை வைத்துக்கொண்டு விளாடிமிர் க்ளிச்கோவின் ஜாப்புக்குள் மார்சியானோ எப்படி நுழைவார்? ஒரு வரியில் பதில் சொல்லுங்கள்.

பழைய கையுறை:
குனிஞ்சு.

மூணாவது ரவுண்டு:
😂😂

கிலோகணக்கு:
இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

பழைய கையுறை:
சிரிக்கறதுக்குச் சொல்லல. குனிஞ்சு, இடது தோளை முன்னால விட்டு, அடியை முழங்கையில வாங்கிக்கிட்டு உள்ள போய் கையிலயும் தோள்லயும் அடிச்சே கையைத் தூக்க முடியாம பண்றது. கோல்ட்மேன் கத்துக்கொடுத்தது அதுதான். குட்டை ஆளை நிமிர்த்தாதே, இன்னும் குட்டையாக்குன்னார். இது பயிற்சி இல்லையா? இதுக்கு எத்தனை கிலோ வேணும்?

வில்லார்டை வேற மட்டமா பேசிட்டார். 1915-ல ஹவானா வெயில்ல ஜாக் ஜான்சனோட 26 ரவுண்டு நின்ன ஆள் சார் வில்லார்ட். 26! உங்க 110 கிலோ விஞ்ஞானத்தை அந்த வெயில்ல நிறுத்துங்க பார்ப்போம்.

கிலோகணக்கு:
மேலே எதற்கும் பதில் இல்லை என்று நினைக்க வேண்டாம், வேலை இருக்கிறது. போவதற்கு முன் ஒன்று: 83.5.

பழைய கையுறை:
85.

வெள்ளைத்துண்டு:
கணக்கை எப்போ மூடறார்?

பழைய கையுறை:
அதான் நானும் கேக்கறேன். டிசம்பர்லேர்ந்து கேக்கறேன். அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் போடச் சொல்லுங்க, தேதி தெரியற மாதிரி.